நாள் நிற்காத வீடு

ஜவ்வாது மலையில் அந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். திருப்பத்தூரிலிருந்து ஜீப் புதூர்நாடு வரைக்கும் போகும், அதுவும் மழை இல்லாமலிருந்து டிரைவருக்கும் மனசிருந்தால். அதற்கு மேல் நடைதான். இரண்டு சரிவு தாண்டினால் நாற்பது வீடுள்ள ஓர் ஊர். அதுதான் என் பங்குக்கு வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு. இப்போது இருபத்தைந்துதான் ஆகிறது. ஆனாலும் அந்த ஆளை நினைத்தால் யாரோ சின்னப் பையனை நினைக்கிற மாதிரி இருக்கிறது. பொருளாதாரம் படித்துவிட்டு வந்த சூடு. உழைப்பு, உற்பத்தி, திட்டம் என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டேன். ஓர் இடத்தில் அரைமணி உட்கார வராது. இப்படிப்பட்டவன்தான் கணக்கெடுப்புக்குத் தோதுப்படுவான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். மலை ஊரில் ஒவ்வொருவரும் மாதத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறார், நோயால் எத்தனை நாள் வேலை போகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அந்த எழுத்தை நம்பி ஒரு காரியம் காத்திருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மருந்து ஜீப் ஒன்றைக் கம்பவுண்டரோடு அனுப்பப் போகிறார்கள். ஒரே ஒரு ஜீப். அது மேலே இந்த மலை ஊர்களுக்கு வருமா, கீழே வாணியம்பாடிப் பக்கத்து அடிவார ஊர்களுக்குப் போகுமா என்பது எங்கள் அட்டவணையைப் பொறுத்தது. நோயால் எங்கே அதிக வேலைநாள் வீணாகிறதோ அங்கே. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. சிபாரிசு கிடையாது, பெரிய மனுஷர் சொல் கிடையாது, எண் காட்டுகிற திக்கில் மருந்து போகும். ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகும்போதே பாதி ஜனங்களைக் குணப்படுத்திவிட்ட மாதிரி இருந்தது.

ஊரில் பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை இருந்தது. வாத்தியார் எப்போதாவது வருவார். அதில் என்னைத் தங்க வைத்தார்கள். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. முப்பதைத் தாண்டியிருப்பாள். புருஷன் அமிர்திப் பக்கம் காட்டு வேலைக்குப் போனவன், எப்போதாவது வந்து போவான். வீட்டில் அவளும், அவளுடைய நாத்தனாரும், இரண்டு சின்னக் குழந்தைகளும். நான் கொண்டுபோன அரிசிப் பையை நீட்டி, இதைப் பொங்கித் தர முடியுமா என்று கேட்டேன். அவள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது இன்னாத்துக்கு தம்பி? மலை ஏறுற காலுக்கு அரிசி நிக்காது. நாங்க திங்கறதையே தின்னுங்க."

அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டுக் கேழ்வரகுக் களிதான், கொள்ளுச் சாறுதான். முதல் உருண்டையை நான் மென்றதைப் பார்த்து நாத்தனார் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "அண்ணி, காயிதக்காரரு களியைக் கடிக்கறாரு! முழுங்குங்க சார், அதுக்குப் பல்லு வேணாம்." அந்தப் பேர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காயிதக்காரர்.

புதூர்நாட்டிலிருந்து மேலே அப்போது ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் அதுதான் வேலை. வீட்டுக்கு ஒரு பேர் மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். அந்த வீட்டில் அக்காவின் பேர். விடிந்ததும் சும்மாடும் கூடையுமாகக் கிளம்பி, பொழுது சாயும்வரை ஜல்லி சுமப்பது. சந்தை நாள் மட்டும் லீவு.

முதல் படிவத்தை அவளிடமே ஆரம்பித்தேன்.

"அக்கா, போன மாசம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?"

"சந்தை நாளு தவுத்து எல்லா நாளும்."

"நோவுன்னு எத்தனை நாள் நின்னுது?"

"ஒரு நாளும் நிக்கல."

நாத்தனார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எங்க வூட்டு நாளு இதுவரைக்கும் நின்னதே இல்லீங்க. நல்லா பெருசா எழுதிக்குங்க."

சுழி போட்டேன். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதற்கடுத்த வீட்டிலும். பத்தே நாளில் நாற்பது வீட்டையும் முடித்தேன். ஒன்றிரண்டு கை முறிவு, ஒரு பிரசவம், மற்றதெல்லாம் சுழி. கீழே வாணியம்பாடிப் பக்கம் போன என் கூட்டாளி கட்டுக் கட்டாகச் சீக்கு எழுதிக்கொண்டிருந்தான். அங்கே தோல் மண்டிகளில் யாராவது வராவிட்டால் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தது. எனக்கோ ஆச்சரியம் தாங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். மலைக்காற்றும் சாமையும் கேழ்வரகும் மனிதரை எப்படி நோயின்றி வைத்திருக்கின்றன என்று இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிப் படிவங்களோடு திருப்பத்தூருக்கு அனுப்பினேன். அதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

சில வயதுகள் விடுபட்டிருக்கின்றன என்று எங்கள் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். மறுபடி ஏறினேன். வேலை நாள், வெயில் ஏறிய நேரம். ஊரில் நாய்கூட நிழலில்தான் கிடந்தது. அக்கா வீட்டு வாசலில், நல்ல வெயிலில், ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. கிட்டே போனால் மூட்டை நடுங்குகிறது. சாக்கை விலக்கினேன். அக்கா. பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, வேலைக்குப் போகலையா?"

"போயிருக்குதே."

"யாரு?"

"எங்க வூடு." மூச்சு வாங்கினாள். "நாத்தனா போயிருக்கா."

"நோட்டுல உங்க பேரு இருக்கே?"

"பேரு யாருதா இருந்தா இன்னா? வூட்டுக்கு ஒரு நாளு. யாரு தூக்குனாலும் அந்த நாளுதான்."

அது முறைக்காய்ச்சல், மலேரியா. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும், சாயங்காலம் வேர்த்து விட்டுப் போகும். மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடந்த மாசம் எத்தனை நாள் இப்படி என்று கேட்டேன். சாக்குக்குள்ளிருந்து கையை நீட்டி விரலை மடக்க ஆரம்பித்தாள். ஒரு கை போதவில்லை.

"அன்னிக்குக் கேட்டேனேக்கா, சொல்லலையே நீங்க?" எனக்குக் கோபமே வந்தது.

"நீங்க வேலையக் கேட்டீங்க. ஒடம்பக் கேக்கலியே தம்பி."

சாயங்காலம் நாத்தனார் வந்து மீதியைச் சொன்னாள். அந்த ஊரில் ஒருவருக்குப் பதிலாக மாத்தாள் போவதற்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. அந்த வீட்டு அடுப்பில் வெந்ததைத் தின்கிறவராக இருக்க வேண்டும். மாமியார் போகலாம், கொழுந்தன் போகலாம், வந்து தங்கின விருந்தாளியும் போகலாம். வேறு வீட்டு ஆளை அனுப்பினால் மற்றவர்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மேஸ்திரியும் நாள் போட மாட்டார். ஆளே வராத வீட்டின் பேர் அன்றைக்கே போய்விடும். ரோட்டு வளைவில் தினமும் காலையில் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடையோடு குந்தியிருப்பார்கள். எந்த வீட்டு ஆள் வரவில்லையோ அந்த இடத்தில் அவர்களில் ஒருவர்.

"நீங்ககூட போலாம் சார்," என்றாள் நாத்தனார். "எங்க களிய எம்மா முழுங்கியிருக்கீங்க! ஆனா ஒரு கூடைக்கே படுத்துடுவீங்க, அப்புறம் ஒங்களுக்கு மாத்தாளு நாங்க போவணும், திருப்பத்தூர் ஆபீசுக்கு."

நான் சிரிக்கவில்லை. என் சுழிகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வீட்டிலும் நான் வீட்டைக் கேட்டு ஆளைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள், இரண்டாவது சுற்று. எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால் பொழுது விடியும்போதும் பொழுது போகும்போதும்தான் பிடிக்க முடியும். இடையில் பகலெல்லாம் கொட்டகையில் கிடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு ஆளையும், இந்த உடம்பு எத்தனை நாள் எழுந்திருக்கவில்லை என்று கேட்டேன். சுழிகளெல்லாம் நிரம்பின. சில வீட்டில் ஆள் மாற்றி ஆள், மாசம் முழுக்க யாராவது ஒருவர் கிடந்திருக்கிறார்கள். ஜனங்களுக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டது. "மறுபடியுமா? போன தபா எழுதுனதத் தொலைச்சுட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். தொலைத்ததாகவே சொன்னேன். விளக்கத் தெம்பில்லை.

இறங்கினேன். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. எப்போதும் மூக்கடைப்பு, மேஜைமேல் எப்போதும் வெந்நீர். இரண்டு சுற்றுப் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார்.

"முதல்ல சொன்னது நெசமா, இப்ப சொன்னது நெசமா?"

"ரெண்டும் நெசம் சார்." மாத்தாள் வழக்கத்தை மூச்சு விடாமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "தம்பி, கீழே உன் கூட்டாளி கேட்ட கேள்வி ஒண்ணு, நீ கேட்டது வேற ஒண்ணு. ரெண்டையும் ஒரே அட்டவணையில எப்படிப் போடுவேன்? மேலே இருக்கிறவங்க, ஜீப்புக்காக மாத்தி எழுதிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? உன்னை நான் நம்பறேன். நான் நம்பி என்ன பண்றது?"

வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "ஒண்ணு செய். அங்க மேஸ்திரி ஆள் நோட்டு வெச்சிருப்பான்ல? அவன் உனக்காக எழுதினது இல்ல அது. அதுல நோவால ஒரு நாள் விட்டுப்போச்சுன்னு ஒரு பக்கம் காட்டு. அவன்கிட்ட கையெழுத்து வாங்கி அந்தப் பக்கத்தை நகல் எடுத்துட்டு வா. அதை வெச்சு ரெண்டாவது சுத்தைச் சேர்த்துக்கச் சொல்லிக் குறிப்பு எழுதறேன். திங்கட்கிழமை அட்டவணை மெட்ராசுக்குப் போவுது. அதுக்குள்ள."

அன்றைக்குப் புதன். கடைத்தெருவில் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்கிக்கொண்டேன். போன தடவை எனக்கென்று பையில் வைத்திருந்ததை அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவள் ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். யாருக்கும் காய்ச்சல் நிற்கவில்லை. "எனக்கு மட்டும் நின்னா போதுமா?" என்று கேட்டாள். என் சட்டைப்பையால் ஆகிற வேலை இல்லை அது. ஜீப் வர வேண்டும், வாரா வாரம் வர வேண்டும் என்று அவளிடமும் சொல்லியிருந்தேன்.

வியாழன் சாயங்காலம் மேஸ்திரியைப் பிடித்தேன். அடிவாரத்து ஆள், கழுத்தில் விசில், வாயில் ஓயாத பேச்சு. நோட்டைத் தயங்காமல் கொடுத்தார். வரி வரியாகப் பார்த்தேன். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

"நாள் விட்டுப்போனவங்க யாரும் இல்லையா?"

"இருந்தாங்க. பேரை எடுத்தாச்சு. மாசத்துக்கு ஒரு புது நோட்டு சார். இருக்கற பேரைத்தானே ஏத்துவேன்? போன பேரை எழுதி இன்னா பண்றது, படம் மாட்டறதா?"

பழைய நோட்டெல்லாம் எங்கே என்றேன். பீடிக்கும் அடுப்புக்கும் போய்விட்டனவாம். நோட்டில் இருக்கிற எல்லோரும் நிற்காமல் வந்தவர்கள். நின்றவர்கள் நோட்டில் இல்லை. கல்லூரியில் இதை ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்றைக்கு ஒரு கல்மேல் உட்கார்ந்து ஷூவிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அக்கா வீட்டில் புகை இல்லை. போய்ப் பார்த்தேன். அக்காவுக்கு அன்றைக்கு முறை. சாக்குக்குள் இருந்தாள். சுவரோரம் நாத்தனார், நேற்று ராத்திரியிலிருந்து அவளுக்கும் சுடுகிறது. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நான் கொண்டுவந்த மாத்திரை நேற்றே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. குழந்தைகள் நேற்றைய களியைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

"அண்ணி, நீ கெட. நான் போறேன்," என்று நாத்தனார் சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசல்வரை வந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா எழுந்து சும்மாடு சுற்றினாள். கை நடுக்கத்தில் துணி அவிழ்ந்து அவிழ்ந்து போயிற்று.

நான் கையில் நோட்டும் பென்சிலுமாக நின்றிருந்தேன். எனக்குக் கணக்கு சீக்கிரம் வரும், அது என் கெட்ட பழக்கம். இன்றைக்கு இந்த வீட்டு நாள் நிற்கும். நோட்டில் ஒரு கட்டம் காலியாகும். பேரை எடுப்பதற்குள் மேஸ்திரியிடம் பக்கத்தை நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். திங்கட்கிழமை மேஜையில் வைக்கலாம். மலைக்கே ஜீப் வரும். இந்த வீட்டுக்கு மட்டும் ரோட்டு வேலை போகும். இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள் என் தலையில் ஓடி முடிந்துவிட்டது.

அக்கா என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. சரிவுக்குக் கீழே ரோட்டு வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுமே தம்பி. வளைவுல எத்தினி பேரு குந்தியிருக்காங்க?"

பார்த்தேன். "அஞ்சு பேரு."

"நேத்து நாலு."

நாத்தனார் சுவரில் தலையைச் சாய்த்தபடியே சிரிக்கப் பார்த்தாள். "காயிதக்காரரே, எங்க களி வயித்துல கெடக்குதா, கரைஞ்சுபோச்சா?"

நோட்டை அவர்கள் வீட்டுக் கூரைச் சந்தில் செருகினேன். கூடையை எடுத்தேன். சும்மாடு சுற்றத் தெரியவில்லை. அக்காதான் நடுங்குகிற கையால் சுற்றித் தலையில் வைத்தாள்.

கீழே மேஸ்திரி என்னைப் பார்த்ததும் நோட்டை நீட்டினார். "இன்னும் பாத்து முடியலையா சார்?"

"பாக்க வரல. நாள் போட வந்தேன்." எந்த வீடு என்று சொன்னேன்.

பெண்கள் கூட்டத்தில் கொல்லென்று ஒரே சிரிப்பு. "மேஸ்திரி, அவரு அந்த வூட்டு ஆளுதான்! மூணு மாசமா அங்கதான் கொட்டிக்கறாரு." இன்னொருத்தி, "நாத்தனாவுக்கு மாப்ளயா சொல்லுங்க, தெரிஞ்சுக்கறோம்," என்றாள். மேஸ்திரி என் பேண்டை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருசமா ஆளு வாங்கறேன். குழாய் மாட்டிக்கினு நாள் போட வந்தது நீங்கதான் மொத ஆளு. சரி, போங்க." அக்காவின் பேருக்கு எதிரே கோடு இழுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் தேடி வந்த காலிக் கட்டம் என் கண் முன்னால் நிரம்பியது.

வளைவில் குந்தியிருந்த ஐந்து பேரும் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அதில் ஒரு பெண்பிள்ளை, அக்கா வயசுதான், என் தலையிலிருந்த கூடையை ஒரு தடவை பார்த்தாள். தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனாள். அவள் வீட்டிலும் யார் கிடந்தார்களோ, நான் கேட்கவில்லை. அந்த ஊர் என் பங்கில் இல்லை.

பத்தாவது கூடைக்குள் கழுத்து போய்விட்டது. பெண்கள் என் கூடையில் பாதி ஜல்லியை எடுத்துத் தங்கள் கூடையில் போட்டுக்கொண்டார்கள். "நோஞ்சான் புள்ள, வுடுங்கடி," என்றார்கள். மத்தியானத்துக்கு மேல் யாரும் கேலிகூடச் செய்யவில்லை, அவர்களுக்கும் தெம்பில்லை. நானும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பொழுது சாய வீடு திரும்பினேன். அக்காவுக்கு வேர்த்து விட்டிருந்தது. அடுப்பு மூட்டியிருந்தாள்.

"நாளு நின்னுதா தம்பி?"

"நிக்கலக்கா."

"கை கழுவிட்டு வாங்க."

மறுநாள் அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை நான் வெறுங்கையோடு மேற்பார்வையாளர் முன்னால் நின்றேன். கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். என் தோலுரிந்த கழுத்தைப் பார்த்துவிட்டு, "மலை வெயில் உனக்கு ஒத்துக்கலை போல," என்று சொல்லி முதல் சுற்றுப் படிவங்களை எடுத்துக் கட்டினார். என் இரண்டு பக்கக் குறிப்பும் அதோடுதான் போயிற்று. வாங்கிக் கிழித்திருக்கலாம் என்று வெளியே வந்த பிறகு தோன்றியது.

மருந்து ஜீப் அடிவாரத்துக்குப் போயிற்று. அவர்கள் காய்ச்சலும் பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

செய்தியைச் சொல்ல இன்னொரு தடவை ஏறினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. என் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. பாதி வழியில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கோத்துப் பார்த்தேன். எல்லா வாக்கியமும் 'நான்' என்றே ஆரம்பித்தது. எழுந்து நடந்தேன்.

"ஜீப் வராதுக்கா," என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

"வராதா?" அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு ஒரு நிமிஷம் நின்றது, பிறகு சுற்றியது. "சரி. இன்னா பண்றது. சாப்ட்டுட்டுப் போங்க."

நாளைக்கு அக்காவுக்குக் காய்ச்சல் முறை. நாத்தனார் எழுந்து நடமாடுகிறாளா என்று முதலில் பார்த்தேன். கொல்லையில் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். களியை மெல்லாமல் விழுங்கினேன்.